வெள்ளை லைற் போட்டால் ஸ்பீட் கன் பிடிக்காதா?

நெடுங்கேணிச் சந்தியில் ஓட்டோ ஓடும் அண்ணை ஒருவர் கடந்த மாதம் என்னை மறித்து ஒரு கேள்வி கேட்டார். ஏ9 வீதிப் பக்கம் ஹயர் போய் வரும்போது, வேக எல்லையை மீறியதாகப் போக்குவரத்துப் பொலிஸார் அவருக்குத் தண்டப்பத்திரம் எழுதியிருக்கிறார்கள்.

"தம்பி, நான் ஐம்பதைத் தாண்டவே இல்லை. சத்தியமாச் சொல்லுறன். அந்த மெஷின்தான் பிழை காட்டியிருக்கு."

தண்டப்பணத்தைத் தபாற்கந்தோரில் கட்டி, சாரதி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெற்றுவிட்டார். கதை அதோடு முடியவில்லை. ஒரு கராஜில் அவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள்: "மஞ்சள் பல்ப்பைக் கழட்டிப்போட்டு வெள்ளை எல்ஈடி போடுங்கோ அண்ணை. அந்த வெளிச்சத்தில லேசர் குழம்பிப் போகும். ஸ்பீட் கன் பிடிக்காது." அவரும் சில ஆயிரம் ரூபா செலவழித்து மாற்றிவிட்டார். இப்போது பட்டப்பகலிலும் லைற்றைப் போட்டுக்கொண்டுதான் ஓடுகிறார். "நீ மீடியா படிச்சனிதானே, இது உண்மையோ பொய்யோ எண்டு விசாரிச்சுச் சொல்லு" என்றார்.

அவர் கேட்காமல் விட்டிருந்தாலும் நான் இதைத் தேடியிருப்பேன். என் சித்தப்பாவுக்கு 2009 இல் செல் துண்டு பட்டு ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண்ணும் முழுப் பலத்தோடு இல்லை. இரவில் கடை பூட்டிவிட்டுச் சைக்கிளில் வருகிறவர், எதிரே வெள்ளை லைற் வந்தால் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வீதிக்கரையில் நிற்கிறார். வாகனம் கடந்துபோன பின்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். எங்கள் வீதியில் இந்த லைற்றுகள் கூடிக்கொண்டே போகின்றன. அதற்கு ஒரு காரணம் லேசர் பிடிக்காது என்ற இந்த நம்பிக்கை. ஆகவே கேள்விக்கு ஒழுங்கான விடை வேண்டும்.

கருவி எப்படி அளக்கிறது?

பொலிஸார் பாவிக்கும் வேகமானிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரேடார். அது வானொலி அலையை அனுப்புகிறது. வாகனத்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து வேகத்தைச் சொல்கிறது. அம்புலன்ஸ் நெருங்கி வரும்போது அதன் சத்தம் கூர்மையாகவும், கடந்து போகும்போது தடிப்பாகவும் கேட்கிறதே, அதே தத்துவம்தான். வானொலி அலைக்கும் முகப்பு விளக்கின் வெளிச்சத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எனவே ரேடாரைப் பொறுத்தவரை கேள்வியே எழாது.

மற்றது லேசர். இது ஒளியைத்தான் பாவிக்கிறது, ஆனால் எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை. பெரும்பாலான லேசர் வேகமானிகள் ஏறத்தாழ 905 நனோமீற்றர் அலைநீளமுள்ள இன்ஃபிராரெட் ஒளியை, அதாவது செங்கீழ்க் கதிரை, மிகச் சிறிய துடிப்புகளாக அனுப்புகின்றன. ஒவ்வொரு துடிப்பும் வாகனத்தில் பட்டுத் திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கருவி அளக்கிறது. ஒளி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். ஆகவே 300 மீற்றர் தூரத்தில் வரும் வாகனத்தில் பட்டுத் திரும்ப ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு நேரம் போதும். அந்த நேரத்திலிருந்து தூரம் தெரிந்துவிடும்.

ஒரு துடிப்பிலிருந்து தூரம் மட்டுமே கிடைக்கும். வேகத்தை அறியப் பல துடிப்புகள் வேண்டும். கருவி விநாடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகளை அனுப்புகிறது. 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 19 மீற்றருக்கும் கூடுதலாக நகரும். விநாடிக்கு 200 துடிப்பு என்று வைத்தால், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் கார் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் கிட்ட வந்திருக்கும். இப்படி அரை விநாடிக்கும் குறைந்த நேரத்தில் பல பத்துத் தூரங்களை வரிசையாக எடுத்து, அவை சீராகக் குறைகின்றனவா என்று கருவி பார்க்கிறது. சீராக இருந்தால் வேகத்தைக் காட்டும். வரிசைக்குள் பொருந்தாத எண்கள் கூடினால் வேகத்தைக் காட்டாது, பிழைக் குறியைத்தான் காட்டும். இதை நினைவில் வைத்திருங்கள்.

விளக்கு அதைக் குழப்புமா?

வீட்டிலுள்ள தொலைக்காட்சி ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் செங்கீழ்க் கதிரில்தான் வேலை செய்கிறது. கைத்தொலைபேசிக் கமராவுக்கு முன்னால் ரிமோட்டைப் பிடித்துப் பொத்தானை அமத்தினால், பல தொலைபேசிகளில் அதன் நுனி ஊதா நிறமாக மின்னுவது தெரியும். அறையில் எத்தனை பல்ப் எரிந்தாலும் ரிமோட் வேலை செய்கிறது. காரணம், தொலைக்காட்சி வெறும் வெளிச்சத்தைத் தேடவில்லை. விநாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கும் வெளிச்சத்தையே தேடுகிறது. சும்மா எரிந்துகொண்டிருக்கும் பல்ப் அதற்கு ஒரு பொருட்டல்ல.

நேரே வெயில் விழும் இடத்தில் தொலைக்காட்சி இருந்தால் ரிமோட் சில வேளை வேலை செய்யாது, கிட்டப் போய் அமத்த வேண்டியிருக்கும். ஆனால் சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அமத்தினால் வெயிலின் காரணமாகச் சனல் மாறுவதில்லை. வேலை செய்யும், அல்லது செய்யாமல் விடும்.

லேசர் வேகமானியும் இப்படித்தான். அதன் கண்ணுக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருக்கிறது. 905 நனோமீற்றருக்கு அண்டிய ஒளியை மட்டுமே அது உள்ளே விடும். உள்ளே வந்த ஒளியிலும், தான் அனுப்பிய துடிப்புக்குப் பதிலாகத் திடீரென எழுந்து விழும் ஒளியையே கருவி கணக்கில் எடுக்கும். முகப்பு விளக்கு தொடர்ந்து எரிகிறது. சில எல்ஈடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடித்தாலும், அந்தத் துடிப்பு லேசர் துடிப்போடு ஒப்பிட்டால் மாட்டு வண்டி வேகம். ஓட்டோவினதும் மோட்டார் சைக்கிளினதும் பழைய லைற் இயந்திரத்தின் வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறைவதும் அதே கதைதான்.

இனி ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

ஹலோஜன் என்பது நாங்கள் மஞ்சள் பல்ப் என்று சொல்வது. உள்ளே இருக்கும் கம்பி ஏறத்தாழ 3,000 கெல்வின் வெப்பநிலைக்குச் சூடாகி எரிகிறது. அந்தச் சூட்டில் எரியும் கம்பி கூடுதலாக வெளிவிடுவது கண்ணுக்குத் தெரியும் ஒளியை அல்ல, செங்கீழ்க் கதிரைத்தான். அதன் உச்சமும் 905 நனோமீற்றருக்கு மிகக் கிட்டவே விழுகிறது. பல்ப்பில் கை வைத்தால் சுடுவதும் இந்தக் கதிர் வீணாக வெளியேறுவதன் அடையாளந்தான்.

எச்ஐடி அல்லது செனன் எனப்படும் நீல வெள்ளை விளக்கில் கம்பி இல்லை, வாயுவுக்குள் மின் பொறி எரிகிறது. செனன் வாயு செங்கீழ்க் கதிர்ப் பகுதியில் சில இடங்களில் பலமாக ஒளிரும். 

எல்ஈடி இதற்கு நேரெதிர். வெள்ளை எல்ஈடி கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் தருவதற்காகச் செய்யப்பட்டது. 905 நனோமீற்றர் பகுதியில் அது கிட்டத்தட்ட ஒன்றுமே வெளிவிடுவதில்லை. அதாவது, லேசரைக் குழப்பவென்று ஓட்டோக்கார அண்ணை கழற்றி எறிந்த மஞ்சள் பல்ப்பில்தான் அந்தக் கதிர் இருந்தது. காசு கொடுத்து வாங்கிப் போட்ட வெள்ளை லைற்றில் அது இல்லை. எங்கள் கண்ணுக்கு எது கூசுகிறதோ அது கருவிக்கும் கூசும் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

மஞ்சள் பல்ப்பாவது உதவுமா என்றால் அதுவும் இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வன்னி வெயிலில், கண்ணாடியும் வர்ணமும் தகதகக்கும் வாகனத்தை இந்தக் கருவி அளக்கிறது. சூரிய ஒளியில் செங்கீழ்க் கதிர் தாராளமாக உண்டு. அதையே தாங்கும் கருவிக்கு ஒரு பல்ப் பெரிய விடயமில்லை.

கதையில் இருக்கும் சிறு உண்மை

முழுப் பொய் நீண்ட நாள் நிற்காது. இந்தக் கதைக்குள்ளும் ஒரு துளி உண்மை உண்டு. விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கதிர் அதிகம் கலந்திருந்தால் கருவியின் கண்ணுக்குப் பின்னணி இரைச்சல் கொஞ்சம் கூடும். அப்போது மிகத் தூரத்தில் பிடிக்கக்கூடிய வாகனத்தை, சிறிது கிட்ட வந்த பின்தான் பிடிக்க முடியலாம். பலத்த மழை, புழுதி, பனிப்புகார் போன்றவையும் அதையே செய்யும், அதுவும் விளக்கை விட அதிகமாக.

விளக்கின் அமைப்பும் ஒரு பங்கு வகிக்கிறது. பொலிஸார் பொதுவாகக் குறிவைப்பது முன் இலக்கத்தகட்டை அல்லது விளக்கை. இலக்கத்தகடு வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். விளக்கின் உள்ளே இருக்கும் பளபளப்பான கிண்ணமும் ஒளியை நன்றாகத் திருப்பும். ஆக, முகப்பு விளக்கு என்பது லேசரை மறைக்கும் திரையல்ல. எரிந்தாலும் அணைந்தாலும் அது லேசருக்கு நல்ல இலக்கு.

ஆனால் இவை எல்லாம் மாற்றுவது எவ்வளவு தூரத்தில் பிடிக்கலாம் என்பதை மட்டும்தான். எந்த விளக்கும் 70 ஐ 50 ஆக்காது, 50 ஐ 70 ஆக்கவும் செய்யாது. வேறு நாடுகளில் லேசர் ஜாமர் என்று விற்கப்படும் கருவிகள் வேறு வகை. அவை லேசர் துடிப்பை உணர்ந்து, பதிலுக்குத் தாங்களும் துடிப்பை அனுப்புபவை. கராஜில் வாங்கும் பல்ப்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். இந்த லேசர் கண்ணைக் கெடுக்குமா என்று சித்தப்பா கேட்டார். பொலிஸ் பாவனைக்கான கருவிகள் சாதாரண பாவனையில் கண்ணுக்குத் தீங்கில்லாத முதலாம் வகுப்பு லேசராகவே செய்யப்படுகின்றன.

அப்படியென்றால் கருவி பிழை விடாதா?

விடும். ஆனால் கராஜில் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

முதலாவது, கோணம். கருவி வீதிக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் இருந்து அளந்தால் உண்மையான வேகத்தை விடக் குறைவாகத்தான் காட்டும். 20 பாகைக் கோணத்தில் 100 கிலோமீற்றர் வேகம் 94 ஆகத் தெரியும். வீதிக்கரையில் நின்று தூரத்து வாகனத்தை அளக்கும்போது கோணம் மிகச் சிறியது, வித்தியாசமும் மிகச் சிறியது. எப்படியும் இந்தப் பிழை சாரதிக்குச் சாதகமானது.

இரண்டாவது, கை அசைவு. அளக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் குறி வாகனத்தின் முன்பக்கத்திலிருந்து நீண்ட பக்கவாட்டில் வழுக்கினால், தூரம் உண்மைக்கு மாறாக மாறியது போலக் கருவிக்குத் தோன்றலாம். கருவி இவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துத் தள்ளிவிடும். இருந்தாலும் பயிற்சியில்லாத கை ஒரு பிரச்சினைதான்.

மூன்றாவது, எந்த வாகனம் என்பது. லேசர் ஊசி முனை போலப் போவதில்லை, போகப் போக விரியும். பல கருவிகளில் அது 100 மீற்றரில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் அகலம், 300 மீற்றரில் 90 சென்ரிமீற்றர். ஒரு கிலோமீற்றரில் 3 மீற்றர் அகலமாகிவிடும். அந்த 3 மீற்றருக்குள் ஒரு மோட்டார் சைக்கிளும் அதை முந்தும் வானும் ஒன்றாக வரலாம். 2025 இல் இலங்கைப் பொலிஸார் இரவிலும் வேலை செய்யும், 1.2 கிலோமீற்றர் வரை அளக்கக்கூடிய புதிய கருவிகளை அறிமுகப்படுத்தினார்கள். அவை வாகனத்தைப் படமும் எடுக்கும். தூரம் கூடக் கூட அந்தப் படத்தின் பெறுமதியும் கூடுகிறது.

நான்காவது, பராமரிப்பு. எந்த அளவுகோலும் காலத்துக்குக் காலம் சரிபார்க்கப்பட வேண்டும். கடைத் தராசுக்கு முத்திரை கேட்கும் நாங்கள் இதற்கும் கேட்கலாம்.

இந்தச் சந்தேகங்கள் உலகத்துக்குப் புதியவை அல்ல. 1979 இல் அமெரிக்காவின் மயாமியில் ஒரு பனைமரம் மணிக்கு 86 மைல் வேகத்திலும் ஒரு வீடு 28 மைல் வேகத்திலும் ஓடுவதாக ரேடார் கருவி காட்டியது தொலைக்காட்சியில் வெளியாகி, விடயம் நீதிமன்றத்தில் பெரிய விவாதமானது. லேசர் வந்தபோது நியூ ஜேர்சி மாநில நீதிமன்றம் 1996 இல் அதன் அளவீட்டை ஏற்க மறுத்தது. கூடுதல் பரிசோதனைகள் நடந்த பின், 1998 இல் நிபந்தனைகளோடு ஏற்றது. பகலானாலும் இரவானாலும் ஏற்கலாம், கடும் மழையிலும் பனி கொட்டும்போதும் எடுத்ததை ஏற்க முடியாது, 1,000 அடிக்கு மேற்பட்ட தூரத்தில் எடுத்திருந்தால் நிபுணர் சாட்சியம் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இரவு என்றால் எல்லா வாகனத்திலும் விளக்கு எரியும். விளக்கின் வகையை நீதிமன்றம் ஒரு தடையாகக் கொள்ளவில்லை. தூரத்தையும் மழையையும்தான் பார்த்தது.

நாங்கள் ஏன் இதை நம்புகிறோம்?

விளக்கு பற்றிய கதையை எங்கள் சனம் சுலபமாக நம்புவதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை. தூரத்தில் நின்று எங்களை நோக்கிப் பிடிக்கப்படும் கருவிகளோடு எங்களுக்கு நீண்ட உறவு இருக்கிறது. வானத்தில் வண்டு சுற்றினால் அடுத்து என்ன வரும் என்று வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. இரவில் விமானத்துக்குப் பயந்து லைற்றை மறைத்தும் அணைத்தும் ஓடினோம். சோதனைச் சாவடியை நெருங்கும்போது முன் லைற்றை அணைத்து உள் லைற்றைப் போட்டோம். லைற்றை எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பதில் உயிர் தங்கியிருந்த காலம் அது. அப்படி வாழ்ந்த ஒருவருக்கு, ஒரு லைற்றால் தப்பலாம் என்ற கதை முட்டாள்தனமாகத் தெரியாது.

வேகமானியும் எங்களுக்குப் புதியதல்ல. 2002 இல் ஏ9 பாதை திறந்த பின், வன்னிக்குள் வேகமாக ஓடிய தெற்கு வாகனங்களைத் தமிழீழக் காவல்துறையினர் வேகமானியோடு நின்று மறித்துத் தண்டம் அறவிட்டதை என் வயதுக்காரர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அன்றும் தண்டம் கட்டியவர்கள் மெஷின் பிழை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கருவியைப் பிடித்திருப்பவர் மீதுள்ள அவநம்பிக்கைக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் அதைக் கருவியின் பௌதிகத்தில் கொண்டுபோய் வைத்தால், கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு பல்ப் வாங்கிக்கொண்டிருப்போம்.

பல்ப் செய்யும் வேலை

வெள்ளை லைற் லேசரை ஒன்றும் செய்யாது. எதிரே வருபவரைச் செய்கிறது.

ஹலோஜனுக்காகச் செய்யப்பட்ட விளக்குக் கிண்ணத்தில், ஒளி எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பது மில்லிமீற்றர் கணக்கில் தீர்மானிக்கப்பட்டிருக்கும். கம்பி இருக்கும் இடத்திலிருந்து வரும் ஒளியைக் கிண்ணம் வீதியில் விழுத்தும், எதிரே வருபவரின் கண்ணுக்கு மேலே போகவிடாது. அதே கிண்ணத்துக்குள் வேறு வடிவமுள்ள மலிவான எல்ஈடியைச் செருகினால் ஒளி கிளம்பும் இடம் மாறும். டிம்மில் போட்டாலும் ஒளி கண்டபடி சிதறும். தொழிற்சாலையிலேயே எல்ஈடிக்கென்று வடிவமைத்த விளக்கில் இந்தப் பிரச்சினை இல்லை.

கூசிய கண் தெளிய 3 விநாடி எடுத்தால், 70 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் அதற்குள் 58 மீற்றர் தூரத்தைக் குருடாகக் கடக்கிறார். வீதி விளக்கில்லாத எங்கள் வீதிகளில் அந்த 58 மீற்றருக்குள் மாடு படுத்திருக்கலாம், யானை நிற்கலாம். செயற்கைக் காலோடு ஒருவர் நடந்து வரலாம். என் சித்தப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

வேகமும் அப்படித்தான். சராசரி வேகம் 1 வீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் ஆபத்து 4 வீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போரில் தப்பிய சனம் வீதியில் சாகக்கூடாது. அதற்கு வேகத்தை யாரோ அளக்கத்தான் வேண்டும். அளப்பவர் ஒழுங்காக அளக்க வேண்டும் என்று கேட்பது எங்கள் உரிமை.

கேட்க வேண்டியவை

மறிக்கப்பட்டால் நிதானமாக நான்கு விடயங்களைக் கேளுங்கள். கருவியில் காட்டிய வேகம் எவ்வளவு, எவ்வளவு தூரத்தில் அளந்தது, அது என் வாகனம்தான் என்பதற்குப் படம் இருக்கிறதா, எந்த எல்லையை நான் மீறினேன். அதை எழுதியோ படம் எடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டை ஏற்கவில்லை என்றால் தண்டம் கட்டுவதற்கு முன் சட்டத்தரணி ஒருவரோடு கதையுங்கள். நீதவான் நீதிமன்றத்தில் வாதிட இடமுண்டு. கட்டிய பிறகு புலம்புவதில் பயனில்லை. உங்களுக்குத் தரப்படும் பத்திரத்தைத் தமிழில் கேட்கலாம். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது.

கருவி கடைசியாக எப்போது, யாரால் சரிபார்க்கப்பட்டது என்பதை வீதியில் நின்று கேட்டால் பதில் கிடைப்பது கடினம். அதற்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொலிஸ் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். ஒரு கிராம அபிவிருத்திச் சங்கமோ ஓட்டோ சங்கமோ சேர்ந்து ஒரு தடவை கேட்டால், அந்தப் பதில் எல்லோருக்கும் உதவும்.

இவ்வளவையும் விசாரித்துக்கொண்டு போன வாரம் ஓட்டோக்கார அண்ணையிடம் போனேன். லைற் லேசரை ஒன்றும் செய்யாது என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் ஐம்பதைத் தாண்டாமல் எப்படித் தம்பி பிடிச்சவங்கள்?" என்றார். தண்டப்பத்திரத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். கையால் எழுதிய வரிகள் சிங்களத்தில் இருந்தன. அவருக்கும் வாசிக்கத் தெரியாது, எனக்கும் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் இலக்கம் எல்லோருக்கும் பொது. வேகம் 47 என்று இருந்தது.

அவர் சொன்னது உண்மை, ஐம்பதைத் தாண்டவில்லை. கருவியும் பிழை விடவில்லை. நகர்ப்புறத்தில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் எல்லை 50. முச்சக்கரவண்டிக்கு எங்கே ஓடினாலும் 40. பதினைந்து வருடமாக ஓட்டோ ஓடுகிறவருக்கு அதை யாரும் அவருடைய மொழியில் சொல்லியிருக்கவில்லை. மறித்த அன்றும் சொல்லவில்லை. 40 என்று ஒரு வரி தமிழில் எழுதியிருந்தால், அவர் கராஜுக்குப் போயிருக்க மாட்டார்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன்ர சித்தப்பா அண்டைக்கு என்ர லைற்றுக்குத்தானே இறங்கி நிண்டவர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். பழைய பல்ப்பைக் கராஜில் இன்னும் வைத்திருப்பார்களோ தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஓட்டோவை ஸ்ராட் பண்ணினார்.